நினைவுக்கதையும் பெயர்க்காரணமும்: ஜப்பானியரின் சீனவெழுத்தும் சேர்வராயன் மலைப்பெயர்களும்

1. புகுவாயில்

ஒரு பெயருக்குக் காரணம் கூறும் கதை வழங்குமிடத்து, அக்கதை அப்பெயர் பிறந்த வரலாற்றைக் கூறுகின்றதா, அன்றி அப்பெயரை மறவாமைப்பொருட்டுப் பின்னர்ப் புனையப்பட்டதா என்னும் ஐயம் எழுதல் வேண்டும். நம் நாட்டு ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் இவ்வையத்தை எழுப்பாமலே செல்வோர் பலர். கதை கிடைத்தவுடன் காரணம் கிடைத்துவிட்டதாகக் கொண்டு அவர் அமைதியுறுகின்றனர். வேறு சிலரோ, கதை என்ற அளவிலேயே அதனைப் பொய்யென்று தள்ளிவிடுகின்றனர். இவ்விரு நெறியும் பிழையுடையன என்பதே யாம் இக்கட்டுரையில் நிறுவப் புகும் பொருள்.

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில் வழங்கும் ஏற்காடு முதலிய பெயர்களும், அவற்றைச் சூழ்ந்த கதைகளும் ஈண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அக்கதைகளின் இயல்பைத் தெளிதற்கு, நினைவின்பொருட்டே கதை புனைதல் வெளிப்படையான தொழிலாக நிகழும் ஓரிடத்தை முதற்கண் நோக்குதல் பயன்தரும். அவ்விடம் ஜப்பானிய மொழியைக் கற்போர் அம்மொழியிற் பயிலும் சீனவெழுத்துக்களை நினைவிலிருத்தக் கையாளும் முறையாகும்.

2. எழுத்துக்குக் கதை

ஜப்பானியர் சீனரிடமிருந்து பெற்று வழங்கும் எழுத்துக்கள் கன்ஜி எனப்படும். சீனரின் எழுத்து என்பதே அப்பெயரின் பொருள். நம் எழுத்து ஒலியைக் குறிப்பது; உயிரும் மெய்யும் உயிர்மெய்யும் ஆய்தமுமாக 247 என்று எண்ணி முடிக்கப்படுவது. கன்ஜியோ ஒவ்வொன்றும் ஒரு சொல்லையோ சொற்கூறையோ குறிப்பது. பொதுவழக்கிற்கு உரியனவாக ஜப்பானிய அரசு 1946ஆம் ஆண்டில் 1,850 எழுத்துக்களை வரையறுத்தது. 1981இல் அத்தொகை 1,945 ஆகவும், 2010இல் 2,136 ஆகவும் உயர்த்தப்பட்டது. இளமையிலேயே பள்ளியிற் பன்முறை எழுதிப் பழகும் ஜப்பானியச் சிறார்க்கே இது பல்லாண்டு உழைப்பு. முதிர்ந்த பின்னர் அம்மொழியைக் கற்கப் புகும் அயலார்க்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

இவ்விடர்ப்பாட்டைக் கடத்தற்குக் கதை கைகொடுக்கின்றது. 1977ஆம் ஆண்டில் முதன்முதல் வெளிவந்த ஜேம்ஸ் ஹைசிக்கின் நூல் இம்முறையைப் பெருவழக்காக்கிற்று. எழுத்தைச் சிறு உறுப்புக்களாகப் பிரித்தல், ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பெயரிடுதல், அப்பெயர்களை இணைத்து ஒரு சிறு கதை புனைதல் என்பன அம்முறையின் படிகள். ஒலிப்பை முதற்கண் விடுத்து, வடிவையும் பொருளையும் மட்டுமே கதையாற் பிணைப்பது அதன் சிறப்பியல்பு.

சில எடுத்துக்காட்டுக்கள் காண்போம். மரத்தைக் குறிக்கும் எழுத்து, அடிமரமும் கிளையும் வேரும் தோன்ற வரையப்பட்ட வடிவினது. அவ்வடிவு இரண்டு அடுத்தடுத்து நிற்பின் தோப்பு. மூன்று சேர்ந்து நிற்பின் காடு. மரவடிவின் அருகே மனிதனைக் குறிக்கும் வடிவு நிற்பின் இளைப்பாறுதல் என்பது பொருள். மரநிழலிற் சாய்ந்திருக்கும் வழிநடையாளன் ஒருவனை எண்ணிக்கொள்வார்க்கு இவ்வெழுத்து மறவாது.

சீனத்தில் இன்றி ஜப்பானியர் தாமே ஆக்கிக்கொண்ட எழுத்துக்களும் சில உள. மலையின் வடிவும், அதன் பக்கத்தே ஏற்றம், இறக்கம் என்பவற்றைக் குறிக்கும் வடிவுகள் ஒன்றன்கீழ் ஒன்றும் அமைந்த எழுத்து 'தோகே' எனப்படும். மலைவழியின் உச்சி, அஃதாவது ஏற்றம் முடிந்து இறக்கம் தொடங்கும் கணவாய் என்பது அதன் பொருள். சேலத்திலிருந்து இருபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏற்காட்டிற்கு ஏறி இறங்கியவர் இவ்வெழுத்தை ஒருமுறை கண்டாற் போதும். தீயின் வடிவும் வயலின் வடிவும் இணைந்த பிறிதோர் எழுத்து 'ஹதகே' எனப்படும். நீர் தேங்கும் நன்செய்யின் வேறாகிய புன்செய்யை அது குறிக்கும். காட்டைச் சுட்டுத் திருத்திய நிலம் என்னும் கருத்து அதன் அமைப்பிற் காணப்படும் என்பர். குறிஞ்சி நிலத்தார் சுட்டு விதைத்த புனத்தைப் பாட்டில் அறிந்த நமக்கு அவ்விளக்கம் அயலாகத் தோன்றாது.

3. கதையும் வரலாறும் பிரியுமிடம்

மேற்கூறியவற்றில் கதையும் எழுத்தின் வரலாறும் பெரிதும் ஒத்துச் செல்கின்றன. ஒவ்வாது பிரியும் இடங்களே நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன.

கிழக்கு என்னும் பொருளுடைய எழுத்தை நோக்குக. மரவடிவின் நடுவே கதிரவனைக் குறிக்கும் வடிவு அமைந்தாற்போல அது தோன்றும். மரங்களின் பின்னே ஞாயிறு எழும் திசை கிழக்கு என்று கதை கூறுவர். இதனினும் இனிதாகப் பொருந்தும் கதை வேறில்லை. கி.பி. 100ஆம் ஆண்டளவில் சூ சென் என்னும் சீனப் பேரறிஞர் 9,353 எழுத்துக்களை 540 தலைப்புக்களிற் பகுத்து இயற்றிய பழைய அகராதியும் மரத்திடையே ஞாயிறு என்றே இதற்கு விளக்கம் தந்தது. நெடுங்காலம் அதுவே வரலாறாகக் கொள்ளப்பட்டது.

ஆயின், குறிபார்த்தற்பொருட்டு எலும்பிலும் ஆமையோட்டிலும் பொறிக்கப்பட்ட மிகப் பழைய சீனவெழுத்துக்கள் 1899ஆம் ஆண்டளவில் அறிஞர் கவனத்திற்கு வந்தன. அவை ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுத் தொன்மையுடையன. அவற்றில் இவ்வெழுத்தின் வடிவு மரமும் அன்று, ஞாயிறும் அன்று; இருபுறமும் வாய் கட்டப்பட்ட ஒரு மூட்டையின் வடிவாகவே காணப்படுகின்றது. கிழக்கைக் குறிக்கும் சொல்லின் ஒலியோடு ஒத்த ஒலியுடைமையால், மூட்டையின் வடிவு அச்சொல்லுக்குக் கடனாக எடுத்தாளப்பட்டது என்பதே இன்று அறிஞர் பெரும்பாலார் கொள்ளும் முடிபு.

இதனாற் கதை பயனற்றதாயிற்றோ எனின், அன்று. கற்பானுக்கு அக்கதை இன்றும் அதே வலிமையோடு உதவுகின்றது. அவன் நாடுவது எழுத்தை மறவாமை. எழுத்தின் பிறப்பு அன்று. பவணந்தியார் பெயர்களை இடுகுறி எனவும் காரணம் எனவும் பகுத்தமை நாம் அறிந்ததே. பறத்தலாற் பறவை என்பது காரணப்பெயர். மரம் என்பது இடுகுறி. நினைவுக்கதை செய்வது, இடுகுறியாய் நிற்பதொன்றைக் கற்பானின் உள்ளத்தளவிற் காரணமுடையதாக்குதலே. காரணம் தோன்றாதது உள்ளத்தில் நில்லாது நழுவும். காரணம் ஏற்றப்பட்டது நிலைபெறும். ஆயின், ஏற்றப்பட்ட காரணம் இயற்கைக் காரணம் ஆகாது. சொற்பொருட் காரணம் எளிதிற் புலப்படாது என்று தொல்காப்பியர் உரியியலில் எச்சரித்துச் சென்றமை இவ்விடத்து நினையத்தக்கது.

4. உண்மையே நினைவாகுமிடம்

நினைவுக்கதைக்கு ஒரு குறையும் உண்டு. சீனவெழுத்துக்களுட் பெரும்பாலானவை, பொருளைச் சுட்டும் ஓர் உறுப்பும் ஒலியைச் சுட்டும் ஓர் உறுப்பும் சேர்ந்து ஆயவை. 'ஒத்தது' என்னும் பொருளுடைய ஓர் எழுத்து ஜப்பானியத்தில் 'தோ' என்று ஒலிக்கும். அதனோடு உலோகத்தைக் குறிக்கும் உறுப்புச் சேரின் செம்பு. உடலைக் குறிக்கும் உறுப்புச் சேரின் உடலின் நடுப்பகுதி. நீரைக் குறிக்கும் உறுப்புச் சேரின் குகை. கதை புனைவோர் செம்புக்கு ஒன்றும், உடலுக்கு ஒன்றும், குகைக்கு ஒன்றுமாக, 'ஒத்தது' என்னும் பொருளை வலிந்து நுழைத்து மூன்று கதைகள் கட்டவேண்டும். உண்மையோ ஒன்றே: அவ்வுறுப்பு ஈண்டு ஒலியைக் காட்ட நின்றது, நான்கெழுத்தும் 'தோ' என்றே ஒலிப்பன. இவ்வுண்மையை அறிந்தவன் ஒரு செய்தியால் நான்கெழுத்தையும் நினைவிற் கொள்கின்றான். கதையை மட்டும் அறிந்தவன் மூன்று கதைகளைச் சுமந்தும் ஒலிப்பை இழக்கின்றான்.

இதற்கு ஒப்பானது நம் பள்ளிகளிலும் உண்டு. ணகர, நகர, னகர வேறுபாட்டைச் சிறுவர்க்கு உணர்த்த, 'மூன்றுசுழி', 'இரண்டுசுழி' என்று வடிவுபற்றிக் கூறுவர். அஃது எழுதுங்கால் உதவும். எந்தச் சொல்லில் எது வரும் என்பதைக் காட்டாது. பழைய ஆசிரியர்கள் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயர் வழங்கினர். வண்டு, பந்து, கன்று என்பவற்றில் டகரத்திற்கு இனமாக ணகரமும், தகரத்திற்கு இனமாக நகரமும், றகரத்திற்கு இனமாக னகரமும் நிற்றலை அப்பெயர்களே அறிவிக்கின்றன. பெயரை நினைத்த அளவில் இலக்கணமும் உடன்வரும். நினைவும் உண்மையும் ஒன்றுபட்ட இத்தகைய அமைப்பே தலையாயது.

தமிழர் நினைவுக்குக் கையாண்ட கருவி பெரும்பாலும் கதையன்று. ஓசை என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. எட்டுத்தொகை நூல்களின் பெயர்களை நினைவிற் கொள்ள ஒரு வெண்பா வழங்குகின்றது. மண்டலபுருடர் சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதியில் ஒருசொற் பலபொருட் பெயர்களை எதுகை முறையால் வைத்தார். ஒலியெழுத்துடையார் ஓசையால் நினைவைக் கட்டினர். வடிவெழுத்தைக் கற்பார்க்கு ஓசை உதவாமையின், கதையால் நினைவைக் கட்டுகின்றனர். ஆயினும் தமிழகத்திலும் கதையே நினைவுக்கருவியாய் நின்ற ஒரு துறை உண்டு. அதுவே ஊர்ப்பெயரும் மலைப்பெயருமாகும். இனி அதன்பாற் செல்வோம்.

5. ஏற்காடு என்னும் பெயர்

ஏற்காடு கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். ஊர் நடுவே ஏரியும், சூழக் காடும், காப்பித் தோட்டங்களும் உள்ளன. ஏரியும் காடும் சேர்ந்தமையின் ஏற்காடு எனப் பெயர்பெற்றது என்பர். வழிகாட்டி நூல்கள் யாவும் இதனையே கூறும். ஏரியின் கரையில் நின்று சுற்றிலும் நோக்குவார்க்கு இவ்விளக்கம் கண்கூடாகவே தோன்றும். மரத்தின் பின்னே எழும் ஞாயிறும் அவ்வாறே தோன்றிற்று என்பதை மறத்தல் ஆகாது.

இலக்கணம் கொண்டு இதனை நோக்குவோம். ஏரி என்பதும் காடு என்பதும் புணரின் ஏரிக்காடு என்றாதலே முறை. ஏர் என்னும் சொல்லோடு புணரின் ஏர்க்காடு ஆகும். ஏர் என்பதற்கு உழுகருவி, அழகு என இரு பொருளும் உளவாகலின், உழுநிலக்காடு எனவும் அழகிய காடு எனவும் வேறிரு கதைகளுக்கும் இடமுண்டு. ஏறு என்னும் பெயரோடு புணரின் ஏற்றுக்காடு ஆகும். வினைத்தொகையாகக் கொள்ளின் ஏறுகாடு என நிற்கும். இன்றைய எழுத்துவடிவாகிய ஏற்காடு என்பது, பாற்குடம் என்பதிற்போல லகர ஈற்றுப் பெயரொன்று றகரமாய்த் திரிந்த வடிவமாகவே இலக்கண நோக்கிற் காணப்படும். அவ்வாறாயின் ஏல் என்னும் முதனிலைக்குப் பொருள் காணல் வேண்டும்.

இனி, ஏரிக் கதைக்குத் துணையாவதும் ஒன்று உண்டு. ஏரிக்காடு என்பது விரைந்த பேச்சில் இடையுயிர் கெட்டு ஏர்க்காடு என ஒலித்தல் கூடும். வல்லெழுத்தின் முன் ரகரமும் றகரமும் பேச்சிற் பெரிதும் வேறுபடாமையின், எழுதுவோர் அதனை ஏற்காடு என எழுதியிருத்தலும் கூடும். ஆங்கிலேயர் எழுதிய வடிவு யகர ஒலியோடு தொடங்குகின்றது. மொழிமுதல் ஏகாரம் பேச்சில் யகரம் கலந்து ஒலித்தலை அவர் செவி பற்றியது. ஏலகிரியையும் அவர் அவ்வாறே எழுதினர். ஆயின் ரகர றகர வேறுபாட்டை அவ்வெழுத்துக் காட்டாது.

ஆகவே, ஏரிக் கதை பொய்யென்று தள்ளத்தக்கதன்று. நிறுவப்பட்டது என்று கொள்ளத்தக்கதும் அன்று. மூட்டையின் வடிவைக் காட்டிய எலும்பெழுத்துப் போல, கல்வெட்டோ செப்பேடோ பழைய ஆவணமோ தரும் முன்னை வடிவே இதனை முடிவுசெய்தற்கு உரியது. ரா.பி. சேதுப்பிள்ளையவர்கள் 1946இல் வெளியிட்ட 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலில் இலக்கியத்தையும் கல்வெட்டையும் சான்றாகக் கொண்டு ஊர்ப்பெயர்களை விளக்கிச் சென்ற நெறி இவ்வகையிற் பின்பற்றத்தக்கது.

6. குகையும் காவிரியும்

மலையின் உச்சிப்பகுதியிற் குகைக்கோயிலொன்று உண்டு. அங்கே சேர்வராயன் என்னும் தெய்வமும் காவேரியம்மனும் வழிபடப்பெறுகின்றனர். அக்குகை காவிரியாறு வரையிற் செல்லும் என்பது மலைமக்களின் நம்பிக்கை. குகைவழி ஒன்று அத்தனை தொலைவு செல்லுதல் நிலநூலார்க்கு உடன்பாடாகாது. ஆயினும், 'இக்கதை எதனை நினைவூட்டுகின்றது?' என்று வினவின் வேறொரு பொருள் புலப்படும். சரபங்காவும் திருமணிமுத்தாறும் இம்மலைத்தொடரிலே தோன்றிக் காவிரியிற் கலப்பன. உச்சியிற் பெய்யும் மழை காவிரியைச் சேர்தலை, ஆற்றின் பெயர் தாங்கிய அம்மனும் அக்குகையும் வழிவழியாக நினைவிற் காத்து வருகின்றன என்று யாம் கருதுகின்றோம்.

அதே பொழுதில், இம்மலையிற் பிறந்து மறுபுறம் இழியும் வாணியாறு தென்பெண்ணையைச் சேர்கின்றது. குகைக்கதை அதனைக் கூறவில்லை. நினைவுக்கதை ஓர் உறவைப் பற்றிக்கொண்டு மற்றொன்றை விட்டுவிடும் என்பதற்கு இது சான்று. செம்பின் கதை பொருளைப் பற்றி ஒலியை விட்டதும் இவ்வகையே.

7. மூன்று உடன்பிறந்தார்

இம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர், மலையில் வாழ்வோர் என்னும் பொருளது அப்பெயர். அவர்தம் பேச்சு தமிழே. பெயரொப்புமை கண்டு இவரைக் கேரள நாட்டாராகக் கொள்வது அறியாதார் கூற்று.

அவர் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் எனவும், மூத்தவர் சேர்வராயன் மலையிலும் இளையோர் இருவர் கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் குடியேறினர் எனவும் ஒரு மரபு வழங்குகின்றது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலும் இம்மரபு இடம்பெற்றுள்ளது. காஞ்சியினின்று குடிபெயர்ந்த செய்தியைக் கதையொன்றை மட்டுமே கொண்டு வரலாறாக நிறுவுதல் இயலாது. ஆயின், மூன்று மலையாரும் ஒரு குடியினர் என்பதும், சேர்வராயன் மலையார் பெரிய மலையாளிகள் என மூத்தவராக மதிக்கப்பெறுவர் என்பதும் இக்கதையில் உறுதியாகப் பொதிந்துள்ளன. மூன்று மலைகளின் உறவை ஒரு குடும்பத்தின் உறவாக்கி, எழுத்தறியாச் சிறுவனும் மறவாவண்ணம் தந்துள்ளனர்.

இது வெறும் ஏட்டாராய்ச்சி அன்று. தமிழ்நாட்டுப் பட்டியற் பழங்குடிகளின் நிரலில் மலையாளி என்னும் பெயர் சேலம், தருமபுரி, திருச்சிராப்பள்ளி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, புதுக்கோட்டை என்று மாவட்டங்கள் குறித்தே எழுதப்பட்டுள்ளது. சட்டமன்றத்திற் பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட இரு தொகுதிகள் ஏற்காடும் சேந்தமங்கலமும் ஆகும். ஒரு பெயரை யார்க்குரியது என்று அறிதல் அம்மக்களின் உரிமையோடு பிணைந்துள்ளது. அத்தகைய பெயரைப் பிறழவுணர்வதும், அவர் தம்மைப்பற்றிக் கூறும் கதையைப் பொய்யென்று எறிவதும் புலமைப் பிழை என்னும் அளவில் நில்லா. பிறர்க்குத் தீங்காயும் முடியும்.

8. வடிவு பற்றிய பெயர்கள்

சீனவெழுத்துக்களுட் சில பொருளின் உருவத்தை வரைந்தவை என்று கண்டோம். மலையில் அயலார் இட்ட பெயர்களும் சில அவ்வாறே உருவம் பற்றியன. பகோடா முனை என்பது ஆங்கே கல்லடுக்கிய குவியல்கள் கோபுரம்போலத் தோன்றியமையால் ஆயது. சீமாட்டி இருக்கை என்பது பாறை இருக்கைபோல் அமைந்தமையால் ஆயது. இவை கண்டவர்க்கு எளிதில் நினைவில் நிற்பன. ஆயின், அக்கற்களை அடுக்கியவர் யார், எதன்பொருட்டு அடுக்கினர் என்பவற்றை அப்பெயர் கூறாது. மூன்றுசுழி என்னும் பெயர் ணகரத்தின் இனத்தைக் கூறாமை போல்வது இது. கண்ணுக்கு எளிய பெயர் நிலைபெறுங்கால், பொருள் பொதிந்த உள்ளூர்ப் பெயர் வழக்கொழிதல் உண்டு. ஆகவே மலைமூதாட்டியரிடமும் முதியோரிடமும் அப்பெயர்களைக் கேட்டெழுதுதல் காலந்தாழ்த்தக் கூடாத பணியாகும்.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், நினைவுக்கதை என்பது இடுகுறியைக் காரணமாக்கி உள்ளத்தில் நிறுத்தும் கருவி என்பதும், அதன் சிறப்பை நினைவின் வலிமையால் அளத்தல் வேண்டும் என்பதும், பெயரின் பிறப்பை இலக்கணமும் பழஞ்சான்றும் கொண்டே துணிதல் வேண்டும் என்பதும் பெறப்பட்டன.

ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் ஈடுபடும் மாணவர்க்கு நான்கு செயல்களை யாம் முன்வைக்கின்றோம். முதலாவது, கதையைச் சொல்வார் சொல்லியவாறே, இடமும் காலமும் குறித்து எழுதிக்கொள்ளல். இரண்டாவது, ஒரு பெயருக்குப் பல கதை வழங்கின் இனியதொன்றைத் தெரிந்து ஏனையவற்றை விடாது, யாவற்றையும் தொகுத்தல். மூன்றாவது, ஒவ்வொரு கதையும் எவ்வுறவை, எச்செய்தியை நினைவூட்டுகின்றது என ஆராய்தல். நான்காவது, பெயர்ப்பிறப்பைத் தனித்தலைப்பில் புணர்ச்சிவிதியும் பழைய வடிவும் கொண்டு ஆராய்ந்து, சான்று போதிய அளவே முடிபு கூறல்.

மரத்தின் பின்னே ஞாயிறு எழுந்த கதை ஆயிரத்து எண்ணூறு ஆண்டு வரலாறாக மதிக்கப்பட்டது; எலும்பெழுத்துக் கிடைத்தபின் அது மீண்டும் கதையாயிற்று. எனினும் கற்பார் அதனைக் கைவிடவில்லை. அறிஞரும் அதனை வரலாறென்று மயங்கவில்லை. ஏரியும் காடும் சேர்ந்த கதையையும் நாம் அவ்வாறே போற்றுதல் தகும். ஏற்காட்டிற்கு வருவார்க்கு அதனைச் சொல்லலாம். ஆராய்ச்சி ஏட்டில் அதனைக் கதையென்றே எழுதல் வேண்டும்.